இருபத்து நான்காவது பெயர்

அத்தியாயம் மூன்று

லிங்கப்பன் வாயை மூடிக்கொண்டு ஒரு மைல் தூரம் போனது அவன் வாழ்க்கையிலேயே அன்றுதான் முதல் தடவை. ஜட்காவில் எதிரே உட்கார்ந்திருந்த வள்ளியாத்தாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் வேடிக்கை பேச முடியாது.

கொள்ளேகாலம் பக்கத்து ஹனூர்க்காரி. நாற்பது வயசு இருக்கும். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகள் மாதேவி, மைசூர் எம்மாவு மிஷன் பெண்கள் ஹைஸ்கூலில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தாள். போன வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குப் பள்ளித் தோட்டத்துக் கிணற்றில் தோட்டக்காரன் அவளைப் பிணமாகப் பார்த்தான். பொதுப் பரீட்சைக்கு அனுப்பப்போகும் பெண்களின் பட்டியல் அன்று மத்தியானம்தான் ஒட்டப்பட்டிருந்தது. அதில் மாதேவியின் பெயர் இல்லை. அவமானம் தாங்காமல் குதித்துவிட்டாள், குதிக்கும்போது படிக்கல்லில் தலை மோதியிருக்கிறது என்று போலீஸ் எழுதிக் கேஸ் கட்டை மூடிவிட்டது.

வள்ளியாத்தாள் மூடவில்லை. மகளைப் புதைத்த நாலாம் நாள் கொள்ளேகால் பஸ் ஏறி, யார் யாரிடமோ விசாரித்து, செலுவநாராயணனின் மாடி அறைக்கு வந்து நின்றுவிட்டாள். செலுவநாராயணன் மைசூர் சமஸ்தானத்துப் போலீஸில் பதினெட்டு வருஷம் இருந்தவர். ஒரு பெரிய மனிதரின் பெயரை அறிக்கையில் எழுதக் கூடாது என்றார்கள். எழுதிவிட்டு ராஜினாமாக் கடிதத்தையும் அதே பேனாவால் எழுதினார். இப்போது தனியார் துப்பறிவாளர். லிங்கப்பன் அவருக்கு உதவியாள். அவனும் ஹனூர்ப் பக்கத்து ஆள்தான்.

"சாமி, எம்புள்ள எங்க தோட்டத்துக் கெணத்துல மூணாள் ஆழத்துல நீஞ்சுவாளுங்க" என்றாள் வள்ளியாத்தாள், ஜட்கா திரும்பும்போது. "சாவோணும்னு நெனச்சாலும் தண்ணிக்குப் போவமாட்டா. அதுவும் போவட்டும். மொத மார்க்கு வாங்குற புள்ள பேர ஏன் எடுத்தாங்க? என்னமோ நோட்டுன்னாங்க, நம்ப முடியலீங்க. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த அவளுடைய தம்பி காளியப்பன் பெருமூச்சு விட்டான். முப்பத்தைந்து வயசு, கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு. தந்தி கிடைத்த வெள்ளிக்கிழமை அக்காவை இவன்தான் அழைத்து வந்தானாம்.

"உட்ரு அக்கா. போன புள்ள திரும்பி வரப்போவுதா?"

"நீங்க அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி அவங்க கேக்கறதுக்குப் பதில் வரட்டும்" என்றார் செலுவநாராயணன். குரலை உயர்த்தவில்லை. காளியப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டான்.

*

தலைமை ஆசிரியை மிஸ் எலிசா தேவசகாயத்தின் அறையில் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. அக்காவையும் தம்பியையும் வெளி வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

சுவரில் கண்ணாடி போட்ட சட்டம். செலுவநாராயணன் அதை வாய்விட்டுப் படித்தார்.

"பொதுப் பரீட்சைக்கு அனுப்பப்பட வேண்டுமானால்: வருஷத்தில் முக்கால் பங்கு ஹாஜர். ஆயத்தப் பரீட்சையில் கன்னடம் உட்பட எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. தையல் மாதிரிகள். நாற்பது இலைகள் ஒட்டிய தாவரவியல் ரிக்கார்டு நோட்டு. வேதபாடம் அல்லது நல்லொழுக்க வகுப்பில் நன்னடத்தை. பெற்றோர் சம்மதம்."

"ஏனுங்க, மோட்சத்துக்குக்கூட இத்தனை கண்டிஷன் கிடையாதுங்களே!" என்றான் லிங்கப்பன். உள்ளே வந்ததும் வாய் திறந்துகொண்டது.

மிஸ் தேவசகாயம் அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மோட்சத்துக்கு ஒரே கண்டிஷன்தான் தம்பி. இந்த ஆறையும்விடக் கஷ்டம்."

லிங்கப்பன் வாயை மூடினான். எதிராளி சாமான்யமில்லை.

"மாதேவி இதில் எதில் தவறினா?" என்றார் செலுவநாராயணன்.

"ரிக்கார்டு நோட்டு. கடைசி நாள்வரை கொடுக்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்." சொல்லும்போது அவர் கண்கள் மேஜை மேல் இருந்த வேதாகமத்துக்குப் போய்விட்டன.

"தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு வந்தவ. ரெண்டு வருஷத்தில் கன்னடம் கத்துண்டு அதிலேயும் முதல் மார்க் வாங்கினவ. நாப்பது இலை ஒட்டத் தெரியாமப் போச்சா?"

மிஸ் தேவசகாயம் வேதாகமத்தை மேஜை ஓரத்துக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"கொடுத்தவா எத்தனை பேர்?"

"இருபத்திமூன்று."

"அந்த இருபத்திமூணு நோட்டையும் பார்க்கணும்."

நோட்டுகள் வந்தன. லிங்கப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். அரசு, வேம்பு, செம்பருத்தி. எந்தப் பெண்ணும் பள்ளிக் காம்பவுண்டைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. பதினேழாவது நோட்டில் கை நின்றது. பழுப்புத்தாள் அட்டை மட்டும் புத்தம்புதுசு. உள்ளே கடுக்காய் இலை, வெட்பாலை, அரப்பு. ஒவ்வொன்றின் கீழும் 'சாமுண்டி மலையில் சேகரித்தது' என்று ஆங்கிலத்தில் வேறு மையில் எழுதியிருந்தது.

"ஐயா, எங்கம்மா தலைக்கு அரப்புத்தூள் போட்டுத் தேச்சுத்தான் எனக்கு இருக்கிற புத்தியும் கழண்டுபோச்சு. இந்த இலைய நான் தூக்கத்துல தொட்டாக்கூடக் கண்டுபுடிப்பேன். ஆனா ஒரு காடே கெளம்பிச் சாமுண்டி மலைக்கு எந்த பஸ்ல வந்துச்சுன்னுதான் தெரியல."

"சாமுண்டி மலையிலேயும் இருக்கலாம்டா. இலை சாட்சி சொல்லாது." செலுவநாராயணன் பேனாக்கத்தியின் முனையால் அரப்பு இலையின் ஓரத்தை மெல்ல நெம்பினார். ஈரமாக இருக்கும்போதே செய்தித்தாளில் வைத்து அழுத்திய இலை. அடியில் தாள் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் அகலம். அதில் அச்செழுத்து, 'கொள்ளேகாலத்தில் பட்டுக்கூடு வி' என்பதோடு அறுந்திருந்தது.

"யார் நோட்டு இது?"

மிஸ் தேவசகாயம் பெயரைப் படித்தார். "லீலா. டாக்டர் வீட்டுப் பெண். இந்த ஊரிலேயே வீடு."

"அவா வீட்டில் தமிழ்ப் பேப்பர் வாங்குவாளா?"

"தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது."

"அப்போ இலை சாட்சி சொல்லலை. பேப்பர் சொல்லிடுத்து."

லீலா வந்தாள். ஒல்லியான பெண். நோட்டு மேஜைமேல் திறந்து கிடப்பதைப் பார்த்ததுமே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கன்னடத்தில் ஆரம்பித்தாள்.

"நான் திருடலை சார். கடவுள் மேலே ஆணை. புதன்கிழமை சாயங்காலம் மாதேவியே கொடுத்தா. எனக்குப் பத்து இலை பாக்கி இருந்தது, மிஸ்கிட்டே சனிக்கிழமைவரை தவணை வாங்கியிருந்தேன். பார்த்து எழுதிக்கோன்னு கொடுத்தா. அப்புறம் அவ... அப்புறம் நான் யாருக்கும் சொல்லலை. அட்டையை மாத்திட்டேன். எங்கப்பா ரிக்கார்டு முடிஞ்சுதான்னு தினம் கேட்டுட்டே இருந்தார் சார்."

"பழைய அட்டையை என்ன பண்ணினே?"

"எரிச்சிட்டேன். இதை மட்டும் எரிக்க மனசு வரலை." ஜாமெட்ரிப் பெட்டியைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு. செலுவநாராயணன் அதைத் தமிழில் சொன்னார்: "'லீலா, வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் நோட்டைத் திருப்பிக் கொடு. மறக்காதே. என் பெயரைத் திரும்பச் சேர்க்கும்போது மிஸ் நோட்டைக் கேட்பார்கள்.'"



"வியாழக்கிழமை சாகப்போறவ, வெள்ளிக்கிழமை நோட்டைக் கேப்பாளாடா?" என்றார் செலுவநாராயணன்.

லிங்கப்பன் விரலை மடித்து நாளை எண்ணினான். "'திரும்பச் சேர்க்கும்போது'ன்னு எழுதியிருக்காளே ஐயா. பட்டியல் ஒட்டினது வியாழக்கிழமை. புதன்கிழமையே தன் பேர் இல்லைன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமையே தெரியும்" என்றாள் லீலா, மிஸ்ஸைப் பார்க்காமல். "மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. அன்னைக்கே அவங்க அம்மாவுக்குக் கடிதாசி எழுதினா. நானும் கூடப் போய்த் தபால்பெட்டியிலே போட்டேன். அம்மா வந்து சொன்னா எல்லாம் சரியாகும்னா. அழவே இல்லை சார் அவ."

செலுவநாராயணன் லீலாவை வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

"நோட்டு கொடுக்காததாலே பேர் போகலை. முன்னாடியே போயிடுத்து. நீங்க போலீஸ்ட்ட பொய் சொன்னேள். எங்கிட்டேயும் சொன்னேள். எந்தப் பெரிய மனுஷனைக் காப்பாத்தறேள்?"

மிஸ் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் பத்து வயசு கூடிவிட்டது.

"பெரிய மனுஷனா? நான் யாரைக் காப்பாற்றினேன் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்."

மேஜை அறையைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, பச்சை மையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப் பட்டியல், நாலு மூலையிலும் கிழிந்தது. "அன்று சாயந்திரம் அந்தப் பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கிடத்திய கையோடு ஓடிப்போய் இதைக் கிழித்தேன். அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. போலீஸுக்குக்கூட வாயால்தான் சொன்னேன்."

மற்றது ஒரு தமிழ்க் கடிதம். லிங்கப்பன் எட்டிப் படித்தான். 'என் மகள் மாதேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டபடியால் அவளைப் பரீட்சைக்கு அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. வருகிற வாரம் அழைத்துப்போக ஆள் வரும்.' அடியில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில், 'வள்ளியாத்தாள் கைநாட்டு.'

லிங்கப்பன் வராந்தாப் பக்கம் பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பேசுவது எட்டாத தூரத்துப் பெஞ்சில் வள்ளியாத்தாள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது விதி" என்றார் மிஸ். "பெற்றோர் சம்மதம். பெயரை எடுத்தேன். அந்தப் பெண் இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, இது எங்கம்மா வைத்ததில்லை என்றாள். அப்படியானால் அம்மாவே வந்து சொல்லட்டும் என்றேன். விதியைத்தான் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்து, எதற்காக என் பிள்ளை பெயரை எடுத்தீர்கள் என்று என் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். 'நீதானம்மா எடுக்கச் சொன்னாய்' என்று எப்படிச் சொல்வேன்? வாயில் வந்தது நோட்டு. நோட்டு என்று சொல்லிவிட்டேன்."

*

வராந்தாவுக்கு வந்ததும் செலுவநாராயணன் பெஞ்சில் உட்காரவில்லை. வள்ளியாத்தாளுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். லிங்கப்பன் படிக்கட்டை மறித்துத் தூணில் சாய்ந்துகொண்டான். சொல்லாமலே அவனுக்கு அது தெரியும்.

"அம்மா, இந்த ரேகை உங்களுதா?"

அவள் காகிதத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆமாங்க சாமி. பொங்கல் கழிஞ்சு நாலு நாள்ல வெச்சது. உடுதியில ஏழப் புள்ளைங்களுக்கு அரிசி குடுக்கறாங்கன்னு தம்பி காயிதம் கொண்டாந்தான். இது எப்படிங்க இங்க?"

செலுவநாராயணன் படித்துக் காட்டினார். ஒரு தடவைதான். அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

காளியப்பன் எழுந்துவிட்டான். "ஆமாக்கா, நாந்தான் வாங்குனேன். இப்ப என்னங்கறே? மொறமாமன் நான். எம்பொஞ்சாதி செத்து மூணு வருசமா யாருக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்? பரிச்ச எழுதி உத்தியோகத்துக்குப் போறவ எனக்குக் களி கிண்டிப் போடுவாளா? நல்லதுக்குத்தான் செஞ்சேன். அதுக்குப் போய் அந்தப் புள்ள குதிச்சா, நான் என்ன பண்ணட்டும்?"

"நியாயந்தான்" என்றார் செலுவநாராயணன், வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து. "கல்யாணத்துக்காகக் கைநாட்டு வாங்கினா அதுக்குத் தூக்கா போடுவா? தப்பு பள்ளிக்கூடத்துமேலே. பாருங்கோ, பட்டியல்லே மாதேவி பேரை எழுதி, அதுக்கு மேலே சிவப்பு மையிலே ஒரு கோடு போட்டு அடிச்சு ஒட்டியிருக்கா. அத்தனை பெண்ணும் பார்க்கும்படி. அந்த அவமானந்தான்..."

"செவப்பெல்லாம் இல்லீங்க" என்றான் காளியப்பன். குற்றம் வேறொருவர் தலைக்குப் போவதில் ஒரு தெம்பு வந்திருந்தது. ஆனாலும் சரியானதைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். "பேரே எழுதலீங்க. இங்கிலீசுல முச்சூடும் பச்ச மை. இருவத்திமூணோட நிக்குது."

சொல்லிவிட்டு எல்லாருடைய முகத்தையும் பார்த்தான். 

"மத்தியானம் ஒட்டி, அஞ்சு மணிக்குக் கிழிச்ச பட்டியல்" என்றார் செலுவநாராயணன். "வியாழக்கிழமை. நீங்க மைசூருக்கு வந்தது வெள்ளிக்கிழமை."

"வியாழக்கெழம இவன் பட்டுக்கூடு விக்கக் கொள்ளேகாலத்துக்குப் போனானே" என்றாள் வள்ளியாத்தாள், தனக்குத்தானே.

காளியப்பன் படிக்கட்டைப் பார்த்தான். அங்கே லிங்கப்பன் நின்றான். லிங்கப்பன் குஸ்தி பழகியவன் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்த எவனும் பக்கத்தில் போயிருக்க மாட்டான். காளியப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் துண்டின் நுனியைத் திரித்துக்கொண்டிருந்தான்.

"கூப்புடத்தாங்க வந்தேன். லிஸ்ட்டக் காட்டி, இதுல எம்பேர் வர்ற வரைக்கும் வரமாட்டேன்னா. தோட்டத்துல போய்ப் பேசலாம்னு கூட்டிப்போனேன். அங்க வெச்சு, அம்மாகிட்ட எல்லாஞ் சொல்லுவேன், போலீசுக்குச் சொல்லுவேன்னா. கையப் புடிச்சேன். உதறுனா. ஒரு தள்ளுதாங்க. சத்தம் கேட்டுச்சு." திரித்த துண்டை அவிழ்த்தான். "அவளுக்குத்தான் நீச்சல் தெரியுமே, ஏறி வந்துருவான்னு... திரும்பிப் பாக்காம வந்துட்டனுங்க."

பின்னாலேயே வந்து நின்றிருந்த மிஸ் தேவசகாயம் உள்ளே போய்ப் போலீஸுக்கு டெலிபோன் செய்தார். மணி அடித்து ஒரு வகுப்பு முடிந்து பெண்கள் வரிசையாகப் போனார்கள். வராந்தாவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

வள்ளியாத்தாள் அழுவாள், தம்பியின் மேல் பாய்வாள் என்று லிங்கப்பன் நினைத்தான். அவள் துணிப்பையைத் துழாவி, ஒரு தபால் உறையை எடுத்தாள். ஓரம் அழுக்கேறியிருந்தது. ஆறு நாளாய் அதை எத்தனை தடவை எடுத்தெடுத்துத் தடவிப் பார்த்தாளோ.

"கடேசியா எழுதுனது. 'நல்லா இருக்கேன், லீவுக்கு வாரேன்'னு போட்டிருக்குதுன்னு இவன்தான் படிச்சுச் சொன்னான்." லிங்கப்பனிடம் நீட்டினாள். "காயிதத்த மாத்துனவன் இதையும் மாத்தித்தான படிச்சிருப்பான்? நீ படி கண்ணு. இருக்கறத இருக்கறபடி படி."

லிங்கப்பன் செலுவநாராயணனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். படித்தான்.

"'அன்புள்ள அம்மாவுக்கு மாதேவி எழுதிக்கொண்டது. எனக்குக் கல்யாணம், பரீட்சைக்கு அனுப்பாதீர்கள் என்று நீ சொன்னதாக இங்கே ஒரு காகிதம் வந்திருக்கிறது. கைநாட்டு இருக்கிறது. அது எங்கம்மா வைத்ததே இல்லை என்று மிஸ்ஸிடம் சத்தியம் செய்துவிட்டேன். நீ ஒருக்காலும் அப்படிச் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். நீயே வா. மாமனை அனுப்பாதே.'"

நிறுத்தினான். அவ்வளவுதான் இருந்தது.

"சத்தியம் பண்ணிட்டாளா?"

"ஆமாங்க."

"பொய்ச் சத்தியமாப் போச்சே, அம்மிணி" என்றாள், கிணறு இருந்த திசையைப் பார்த்து. பிறகுதான் அழுதாள். மிஸ் தேவசகாயம் வெளியே வந்து, வெள்ளைப் புடவை அழுக்காவதைப் பாராமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொடலாமா வேண்டாமா என்று நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். வள்ளியாத்தாள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

அரை மணியில் போலீஸ் வந்தது. காளியப்பனை ஏற்றினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, சுருக்கமாக ஒரு பக்கம் வாக்குமூலம் எழுதி, மைப்பெட்டியைத் திறந்து வள்ளியாத்தாளுக்கு முன்னால் தள்ளினார்.

"இல்லி நோடம்மா, இங்க பாரும்மா. இங்கே ஒரு கைநாட்டு வை."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்குது?"

"நீ சொன்னதுதாம்மா. வேறென்ன? வை, நேரமாச்சு."

"இந்தப் பையன் படிக்கட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் செலுவநாராயணனைப் பார்த்தார். செலுவநாராயணன் அசையவில்லை. கன்னடத்தில் எழுதிய காகிதம் லிங்கப்பனிடம் வந்தது. அவன் முதல் வரியிலிருந்து, தேதியும் விலாசமும் விடாமல், ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னான். மகள் பெயர் வந்த இடத்தில் அவள் ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். முடிந்ததும், மறுபடியும் என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

அதற்குப் பிறகுதான் கையை வெளியே எடுத்தாள்.